அடிக்குழி

மயிர் கிடக்கிறது. சுட்ட இடத்தில் மயிர் கிடந்தால் குண்டு பட்டிருக்கிறது என்று அர்த்தம், வேட்டைப் பரீட்சைப் புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருந்தார்கள், குண்டு தோலுக்குள் போகும்போது வாசலில் நின்ற மயிரையும் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் போகும், அதனால் முதலில் மயிரைத் தேடு, பிறகு இரத்தத்தைத் தேடு, பிறகு அடியைப் பார். மயிர் கிடக்கிறது. இரத்தமும் இருக்கிறது, பனியின்மேல் ஒரு பக்கமாகத் தெறித்து, அதற்கப்பால் சொட்டுச் சொட்டாக. நான் சந்தோஷப்பட வேண்டும். இத்தனை வருஷமும் மர ஆலைச் சிநேகிதன் ஆர்வித்துக்கும் அவனுடைய நாய்க்கும் பின்னால் மூன்றாவது ஆளாக இழுபட்டவன், இன்றைக்கு ஆர்வித் காய்ச்சலில் படுத்துவிட, அவனுடைய காட்டில் தனியாக நின்று ஒரு மரையைச் சுட்டிருக்கிறேன். எல்க் என்று இந்த நோர்வேக்காரர் சொல்வதை நாங்கள் மரை என்கிறோம், எங்கள் ஊர் மரை இதன் வயிற்றுக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நிற்கலாம், ஆனாலும் மரை மரைதான். சுட்டது மரைதான். பார்த்துத்தானே சுட்டாய்? பார்த்துத்தான் சுட்டேன். என்னத்தைப் பார்த்தாய்? மண்ணிறமாக ஒன்று ஊசியிலை மரங்களுக்குள் அசைந்தது. குனிந்தது, நிமிர்ந்தது. மரை குனியும், கொப்பு தின்னக் குனியும், தின்றுவிட்டு நிமிரும். தலை தெரிந்ததா? தலை மரத்துக்குப் பின்னால். கொம்பு? கொம்பு தெரியவில்லை, ஆகவே பெட்டை. கால்? கால் பனிக்குள் புதைந்திருந்தது, இந்தப் பனியில் யாருடைய கால்தான் தெரியும். அப்படியென்றால் தலையில்லாத, கொம்பில்லாத, காலில்லாத ஒரு மண்ணிறத்தைச் சுட்டிருக்கிறாய் விசரா. சுட்டபிறகு புத்தகம் சொன்னபடி அசையாமல் நின்றேன், காயப்பட்ட மிருகத்தை உடனே துரத்தாதே, அது போய்ப் படுக்கட்டும், பொறு, என்று சொல்கிறது புத்தகம். பொறுத்தேன். பொறுத்த நேரத்தில் பையிலிருந்த சொக்கலேட்டைக்கூடத் தின்றேன், அதுவும் ருசித்துத் தின்றேன். பிறகு இறங்கி வந்து, மயிரைக் கண்டு, ஒரு தரம், ஒரே ஒரு தரம், "அண்ணை!" என்று கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. பனி என் குரலைத் தின்றுவிட்டது. பதில் வரவில்லை, ஆனால் தூரத்துக்குக் கேட்டிருக்காது, காற்றும் எதிர்க்காற்று. இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. இரண்டாம் தரமும் பதில் வராவிட்டால் அது வேறு மாதிரியான பதில் ஆகிவிடும்.

அண்ணை பாறையில் இருக்கிறார். காலையில் நான் இருத்திவிட்ட அதே பாறையில், தேத்தண்ணிப் போத்தலைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு. பரஞ்சோதி அண்ணை என் மனைவி வதனியின் தமையன், வதனி அண்ணை என்று கூப்பிடுவதால் எனக்கும் அண்ணை, அவர் மட்டும் முறை தவறாமல் என்னை மச்சான் என்பார். வன்னியில் கடைசிச் சண்டையின் கடைசி நாள்வரை நின்றவர். மனைவியைப் புதைத்தது எந்த இடம் என்று அடையாளம் சொல்ல முடியாதவர். வதனி அலைந்து திரிந்து, அழுது, சண்டை பிடித்து, அவரை இங்கே எடுப்பித்தாள். வந்தவர் அறைக்குள் யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே படுத்தார், கட்டிலில் அல்ல. "இஞ்சேருங்கோ, அண்ணையையும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன், நாலு மரத்தைப் பாத்தாலாவது மனுசனுக்கு மனுசத்தனம் வரும்" என்று தொடங்கியவள் அவள்தான். நான் மாட்டேன் என்றேன். துவக்குச் சத்தம் அவருக்கு ஒத்துவராது என்றேன். "அவர் கேளாத சத்தமே, கேட்டுப் பழகினவர்தானே" என்றாள். அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. எங்களுக்கு எப்போதும் நியாயம் முன்னால் வரும், புத்தி பின்னால் வரும். வாசலில் நின்று, "கவனம் என்ன, ஷெல்லுக்கையும் ஒரு கீறல் இல்லாமல் வந்த மனுசன், குளிரிலை விட்டிடாதேங்கோ" என்றாள். குளிர்தான் அவளுடைய பயம். காரை விட்டு இறங்கியதும் செம்மஞ்சள் மேற்சட்டையை எடுத்து நீட்டினேன், காட்டில் ஆளை ஆள் அடையாளம் காண்பதற்கு, எல்லோரும் போட வேண்டியது, நானும் போட்டிருந்தேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "என்ன மச்சான், இதைப் போட்டுக்கொண்டு நிண்டா மேல பிளேனிலை போறவனுக்கும் தெரியுமே." "தெரியத்தான் அண்ணை போடுறது." "தெரிஞ்சவை ஒருத்தரும் மிஞ்சேல்லை" என்று சொல்லி, அதை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் திணித்தார். நான் சிரித்தேன். வற்புறுத்தவில்லை. பெரியவரை எப்படி வற்புறுத்துவது, அதுவும் நான், கடைசிச் சண்டை தொடங்குவதற்கு முன்னமே படிக்கவென்று விமானம் ஏறி வந்து, எல்லாவற்றையும் தொலைக்காட்சியில் பார்த்தவன், அவருக்கு ஒளிந்திருக்கச் சொல்லித்தரவா, தெரிய நிற்கச் சொல்லித்தரவா? மேலே என்னுடைய பழைய கோட் போட்டிருந்தார். மண்ணிறக் கோட். தொப்பி விளிம்பில் மயிர் வைத்துத் தைத்தது. பாறையை விட்டு அசையாதேங்கோ என்றேன். "நான் எங்க மச்சான் போகப் போறன்" என்றார். ஆகவே பாறையில்தான் இருக்கிறார். பாறை இருப்பது மேட்டுக்கு அந்தப் பக்கம், றோட்டோரம். போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பார்த்தால் முடிந்தது. ஆனால் போகாதவரைக்கும் அவர் அங்கே இருக்கிறார், தேத்தண்ணி குடிக்கிறார். போனால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும். கைத்தொலைபேசியை வேறு காரின் இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினார், நான்தான் கண்டும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இந்த மயிர் என்ன நிறம்? சாம்பலும் மண்ணிறமும் கலந்தது. மரை மயிர் சாம்பலும் மண்ணிறமும். அந்தக் கோட்டின் தொப்பி மயிர் என்ன நிறம்? எத்தனை மாரி போட்ட கோட், கண்ணை மூடினால் பித்தான் தெரிகிறது, கிழிந்த உட்பை தெரிகிறது, மயிரின் நிறம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. மரை மயிர் உள்ளே வெறுமையானது, மடித்தால் ஒடியும், கடையில் தைக்கிற மயிர் மடித்தால் வளைந்து திரும்பவும் நிமிரும். மடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மடிக்காமல் மயிரைப் பனிமேலேயே விட்டுவிட்டேன், ஆதாரங்களைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே பொலிஸ்காரன் மாதிரிச் சொல்லிக்கொண்டேன். அடியைப் பார்க்கலாம். இரத்தத்தோடு சேர்ந்து அடி போகிறது, அடி என்று என்ன அடி, முழங்கால் ஆழத்துக்குக் குழி, குழிக்குப் பிறகு குழி, உள்ளே தூள் பனி சரிந்து மூடிக் கிடக்கிறது. மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. இப்படிப் பொசுபொசுத்த பனியில் மரை இறங்கினாலும் குழி, மனுசன் இறங்கினாலும் குழி. கையுறையைக் கழற்றி, குழிக்குள் கையை விட்டு, அடியில் இறுகிய பனியைத் தடவிப் பார்க்க வேண்டும், பிளந்த குளம்பென்றால் இரண்டு விரல் மாதிரிப் பிரிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். அவ்வளவுதான் வேலை. ஒரு கையை ஒரு குழிக்குள் விடுவது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குழிக்குப் பக்கத்தில் சின்ன அடிகள் குறுக்கே போகின்றன, இவை முயல், இவற்றை வாசிக்க எனக்கு நன்றாகத் தெரியும், முன்னுக்குப் பெரிதாக இரண்டு, பின்னுக்குச் சின்னதாக ஒன்று. பெரியவைதான் பின்னங்கால், முயல் பாயும்போது பின்னங்கால் முன்னால் வந்து விழும். முன்னங்கால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒரே புள்ளியாகும். ஆக மூன்று கால். முதல்முதல் இதைக் கண்ட அன்று நான் காட்டுக்குள் தனியே நின்று கெக்கட்டம் விட்டுச் சிரித்தேன், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொன்னவன் பொய் சொல்லவில்லை, பனிநாட்டுக்குப் போய்வந்தவனாக இருக்கவேணும் என்று வதனிக்குச் சொன்னேன். "அப்ப உங்களுக்கு நல்ல நாடுதான், வந்த நாள் தொடக்கம் மூண்டு கால் எண்டுதானே நிக்கிறீங்கள்" என்றாள் அவள். இப்போதும் நிற்கிறேன். குழிக்கும் குழிக்கும் நடுவே பனியில் ஓர் இழுவை இருக்கிறது, நீளமாக, கால் முழுசாகத் தூக்காமல் இழுத்துக்கொண்டு போன கோடு. மரைக்கு நெடுங்கால், அது தூக்கித்தான் வைக்கும். இழுப்பது குட்டைக்கால். இழுப்பது களைத்த கால், வயதான கால். களைத்த மரையும் இழுக்கும். காயப்பட்ட மரையும் இழுக்கும். மூன்று கால், மூன்று கால். நான் பொறுத்து நின்ற நேரத்தில் ஒரு நரியும் இந்த வழியால் போயிருக்கிறது, ஊசியால் தைத்த மாதிரி நேர்கோட்டில், இரத்தம் விழுந்த இடத்தில் மட்டும் நின்று, சுற்றி, பிறகு போயிருக்கிறது. நரிக்குத் தெரிந்துவிட்டது அது யாருடைய இரத்தமென்று. எனக்குத்தான் புத்தகம் வேண்டியிருக்கிறது.

கையை விட்டேன். எப்படி விட்டேன் என்று தெரியாது, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று யாரோ சொல்கிற மாதிரி இருந்தது, பார்த்தால் கையுறை பனிமேல் கிடக்கிறது, முழங்கைவரை உள்ளே போய்விட்டேன். முதலில் ஒன்றுமில்லை, தூள், சுடுகிற மாதிரியான குளிர். பிறகு இறுகிய தளம். தட்டையாக இருந்துவிடாதே, முருகா, தட்டையாக இருந்துவிடாதே. விரல் ஒரு விளிம்பைத் தொட்டது, வளைவு, கூர், பிறகு ஒரு நடுவரம்பு, அந்த வரம்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வளைவு, இன்னொரு கூர். இரண்டு. இரண்டாகப் பிளந்தது. குளம்பு! திரும்பவும் தடவினேன், கண் தெரியாதவன் பிள்ளையின் முகத்தைத் தடவுகிற மாதிரித் தடவினேன், இரண்டு, இரண்டேதான். மரை. ஐயோ மரை. பனிமேல் அப்படியே குந்திவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன், மூக்கால் ஓடியது, துடைக்கவில்லை. பார்த்தாயா, மயிரும் மரை மயிர்தான், இழுவையும் காயப்பட்ட காலின் இழுவைதான், வீணாக என்னவெல்லாம் நினைத்தாய், வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதையாக உன்னை நீயே கடிப்பித்துக்கொண்டாய். இனி விறுவிறுவென்று பின்னால் போய், விழுந்து கிடக்கிற மரையைக் கண்டு, ஆர்வித்துக்குப் போன் பண்ணி, இழுத்தெடுத்து, அண்ணையைப் பாறையிலிருந்து கூட்டிவந்து காட்டி, "பாருங்கோ அண்ணை உங்கடை மச்சான் அடிச்ச மரையை" என்று, அவர் தலையை மட்டும் ஆட்டுவார், பரவாயில்லை. வதனி இறைச்சிக்குச் சரக்குத்தூளைக் கொட்டி, முருங்கையிலை இல்லையே என்று பத்துத் தரம் சொல்லிச் சொல்லிக் காய்ச்சுவாள். பெரிய சட்டி எடுக்க வேண்டும். கீழ்வீட்டு நோர்வேக் கிழவிக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். எழுந்தேன். குழியோடு குழியாக நடந்தேன், குழிகளைக் குழப்பாமல் ஓரமாக நடக்கவேண்டும் என்று புத்தகம், ஓரத்துப் பனியில் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு நோகிறது, நானும் அதன் குழிக்குள்ளேயே கால் வைத்து நடந்தால் எவ்வளவு லேசு என்று நினைத்தேன். அப்படி நினைத்த இடத்தில் கால் நின்றுவிட்டது.

குழிக்குள் கால் வைத்து நடப்பவர் ஒருவர் இருக்கிறார். பரஞ்சோதி அண்ணை வேறு எப்படியும் நடப்பதில்லை. முதல் பனி விழுந்த அன்று வீட்டு முற்றத்தில் நான் கண்டேன், குப்பைவாளி வரைக்கும் போக வேண்டும், வெள்ளை முற்றத்தில் ஓர் அடி கிடையாது, மனுசன் படியிலேயே நின்றார். நான் போய்வந்தபிறகு என் அடிகளுக்குள் தன் அடியை வைத்து வைத்துப் போனார், என் எட்டுக்குத் தன் எட்டு பத்தாமல் தாவித் தாவி. திரும்பியதும் அதே அடிகளில். பிள்ளைகள் சிரித்தார்கள், மாமா விளையாடுகிறார் என்றார்கள். நானும் சிரித்தேன், பிறகு கேட்டேன். "முன்னுக்குப் போனவன் சாகேல்லை எண்டா அந்த இடத்திலை மிதி இல்லை எண்டு அர்த்தம் மச்சான்" என்றார். "அப்பிடித்தான் கடைசியா வெளியில வந்தனாங்கள். அடி மாத்தி வைச்சதுகள் அங்கையே கிடக்குதுகள்." மிதி என்று அவர் சொல்வது மிதிவெடியை. இங்கே கண்ணி கிடையாது அண்ணை, இது நோர்வே, என்றேன். தெரியும் என்றார். தெரிந்துகொண்டே அப்படித்தான் நடந்தார், கடைக்குப் போகும்போது யாரோ ஒரு நாயின் அடிகளுக்குள் நுனிக்காலை வைத்து நடந்ததைக் கண்டு வதனி அழுதாள். அப்படியென்றால் பாறையில் குளிர் பிடித்து, எழுந்து, என்னைத் தேடியோ ஒன்றுக்குப் போகவோ காட்டுக்குள் வந்திருந்தால், தீண்டாத வெள்ளையில் இறங்கமாட்டார். விடிய முன்னம் மரை போன வழி இருந்தால் அந்த வழியால்தான் போவார், குனிந்து குழியைப் பார்த்து, கால் வைத்து, நிமிர்ந்து. குனிந்து, நிமிர்ந்து. இல்லை. குழிக்குள் குளம்பு இருக்கிறது, என் கை பொய் சொல்லாது. குளம்பு இருந்தால் குளம்பு மட்டும்தான் என்று யார் சொன்னது? தூள் பனிக்குள் என்ன தெரியும், மரையின் பாரத்துக்கு இறுகிய தளத்தில் அண்ணையின் பாரம் எந்த மூலைக்கு? சரி, பார்ப்போம், அடுத்த பெரிய மரத்தடியில் பனி மெல்லிசு, கொப்புகள் தாங்கிக்கொண்டதால் அங்கே எல்லாம் திறந்து கிடக்கும், அங்கே தெரியும். அங்கே தெரிந்தது. குளம்பு, ஓலைவெட்டுப் போலத் தெளிவாக, இரண்டு பிளவு. குளம்பின் மேல் சப்பாத்தின் நுனி, வரிவரியாக, என் பழைய சப்பாத்தின் வரி, அதையும் நான்தான் கொடுத்தேன். குளம்பை அமுக்கிக்கொண்டு சப்பாத்து, ஆகவே மரை முன்னால் போயிற்று, சப்பாத்து பின்னால் வந்தது. இரத்தம் எங்கே? இரத்தம் சப்பாத்து வரியின்மேல். வரிக்குள் நசிபடவில்லை, வரியின்மேல் உருண்டையாகச் சொட்டி, அப்படியே உறைந்திருக்கிறது. முதலில் குளம்பு. அதன்மேல் சப்பாத்து. அதன்மேல் இரத்தம். மரை போய் முடிந்தபிறகு, சப்பாத்து மிதித்தபிறகு விழுந்த இரத்தம். வேறு மாதிரி யோசி. மரை போய்விட்டுத் திரும்பி வந்திருந்தால்? திரும்பிய குளம்பு இல்லை. மரத்தில் தொங்கிய ஏதாவது? மரத்தில் இரத்தம் தொங்காது. வேறு யாராவது ஒருவர், ஆர்வித், காய்ச்சலோடு? ஐயோ, உனக்குப் பதிலாக ஆர்வித்தைக்கூடச் சாகடிக்கத் துணிகிறாய். இன்னும் எத்தனை கால் மிச்சம் வைத்திருக்கிறாய் இந்த முயலுக்கு? நான் அண்ணையைச் சுட்டிருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னேன், காட்டுக்குள் ஒருவரும் இல்லை, "நான் அண்ணையைச் சுட்டிட்டன்." சொல்லிவிட்டுப் பார்த்தால் காடு அப்படியே இருந்தது. சுட்டுவிட்டு நின்று சொக்கலேட் தின்றேன், காயப்பட்டது போய்ப் படுக்கட்டும் என்று.

ஓடினேன். ஓடுவதென்ன, விழுந்து, நீந்தி, துவக்கு வாயால் பனியை அள்ளி, அண்ணை அண்ணை என்று, இப்போது எத்தனை தரம் கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. பதில் சொல்லமாட்டார், குரல் கொடுத்தால் இருக்கிற இடம் தெரிந்துவிடும், இதைக்கூட ஏன் நினைக்கவில்லை, உயிரோடு இருந்தாலும் பதில் வராது, பதில் வராததால் செத்துவிட்டார் என்று அர்த்தமில்லை, அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். புயலில் வேரோடு சாய்ந்த பெரிய மரம் ஒன்று, வேரெல்லாம் மண்ணோடு சுவராக எழும்பி நின்றது, அதன் கீழே ஓர் ஆள் ஆழத்துக்குக் கிடங்கு. குழிகள் அதன் பக்கமாகப் போயின. சப்பாத்து அந்த இடத்தில் முதல்முறையாகக் குளம்பை விட்டு விலகியிருந்தது, ஒரே தாவு, கிடங்குக்குள். எட்டிப் பார்த்தேன். முகங்குப்புறக் கிடந்தார். மண்ணிறக் கோட். தொப்பி விளிம்பு மயிர், சாம்பலும் மண்ணிறமும், ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. இடது தோளிலிருந்து பனி சிவந்து, கரைந்து, கீழே மண் தெரிந்தது. வலது கை பிடரியை மூடியிருந்தது. செத்தவன் பிடரியை மூடமாட்டான். உள்ளே குதித்தேன். "படு" என்றார். பனிக்குள்ளிருந்து, மெதுவாக, கோபமாக. "தலையைப் பதி. முதலாவது விழுந்திட்டுது. இரண்டாவது வரும்." என் கழுத்துச் சால்வையைக் கழற்றித் தோளோடு வைத்து அமுக்கினேன், சூடாக ஊறியது. "அண்ணை, ஒண்டும் வராது. அது நான். நான்தான் சுட்டனான். மரை எண்டு நினைச்சுச் சுட்டிட்டன்." அவர் முகத்தைத் திருப்பி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது, வழி தெரியாமல் வந்து நடுவில் அகப்பட்ட ஒருவனைப் பார்க்கிற இரக்கம். "விசர்க்கதை கதையாதையும் மச்சான். உமக்குத் தெரியாது. நீர் அங்க இல்லை." நான் துவக்கின் பூட்டை இழுத்து, குண்டுகளை எடுத்து, அவர் முகத்துக்கு முன்னால் பனியில் போட்டேன். "பாருங்கோ, இதுதான், இது என்ரை துவக்கு." அவர் குண்டுகளைப் பார்த்தார். "ஒருத்தன் கழட்டினா எல்லாரும் கழட்டினமாதிரியே" என்றார். உதடு நீலமாக இருந்தது. போனில் சிக்னல் கோடு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவசர இலக்கத்தை அழுத்தினேன், ஒரு பெண், நிதானமான குரல், எங்கே, என்ன, மூச்சு இருக்கிறதா, இரத்தம் எந்த இடத்தில். யார் சுட்டது என்று கேட்டாள். நான் என்றேன். அவள் உடனே நம்பினாள். காயத்தை அமுக்கிக்கொண்டே இரு, அவரைப் பேசவை, ஹெலிகொப்டர் அனுப்புகிறோம், சத்தம் கேட்டதும் வெளியே வந்து திறந்த இடத்தில் நின்று கையை ஆட்டு, என்றாள். அமுக்கினேன். பேசினேன். வதனி இறைச்சிக்குச் சட்டி எடுத்து வைத்திருப்பாள் என்றேன், ஏன் அதைச் சொன்னேனோ தெரியாது. அவர் மேலே எதையோ காதால் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னமே அவருக்குக் கேட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி, வரவர. "கெலி" என்றார். "கெலி வருது." நான் எழும்ப வேண்டும், கிடங்கை விட்டு ஏறி, வெளிச்சத்தில் நின்று, கையை ஆட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. எழும்பப் போனேன். அவருடைய நல்ல கை என் பிடரியைப் பிடித்தது. அவ்வளவு இரத்தம் போன மனுசனுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "அசையாதையும். நான் இருக்கிறன், பயப்பிடாதையும்" என்று காதுக்குள் சொல்லி, சத்தம் தலைக்கு மேலே வந்து சுற்றச் சுற்ற, குண்டு பட்ட தோளோடு என்மேல் கவிழ்ந்து, என் தலையைப் பனிக்குள் இன்னும் இன்னும் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.